கற்பனை ஆளுக்கு என் மூஞ்சி

ஞானஜோதி கைப்பேசியை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி வாயடைத்துப் போனால் ஏதோ வில்லங்கம் என்பது அவள் புருஷன் தேவானந்தத்துக்குத் தெரியும்.

“இன்னா, யாராவது போய்ட்டாங்களா?” என்றார்.

“அதெல்லாம் இல்லைங்க. நம்ம சர்ச் குரூப்புல தனசிங் ஒண்ணு போட்டிருக்கார். அவர் பையன் ஜேசனோட காலேஜ் ப்ராஜெக்ட் பைனல்ஸுக்குப் போயிருக்காம். எல்லாரும் ஜெபிச்சுக்கங்கன்னு கேட்டிருக்கார்.”

“ஜெபிச்சுட்டுப் போயேன். அதுக்கு ஏன் மூஞ்ச அப்டி வச்சுகினு கீற?”

அவள் கைப்பேசியை நீட்டினாள். நீலக் கட்டம் கட்டிய போஸ்டர். நடுவில் அவர் முகம். ஆலயத்தில் கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது பிடித்த படம். கண்ணாடி மூக்கின் நுனிக்குச் சரிந்து, வாய் பாதி திறந்து, காணாமல் போன ஆளைத் தேடும் விளம்பரத்தில் போடுவதுபோல இருந்தது. பக்கத்தில் கொட்டை எழுத்தில் இங்கிலீஷ்.

தேவானந்தம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் எடுபிடி வேலை பார்க்கும் கலாசியாகச் சேர்ந்து கலாசியாகவே வெளியே வந்தவர். இங்கிலீஷில் தன் பெயரையும் ரயில் பெட்டியில் எழுதியிருக்கும் நாலைந்து வார்த்தைகளையும் அடையாளம் தெரியும், அவ்வளவுதான். ஞானஜோதி பால்வாடி டீச்சராக இருந்தவள். படித்துவிடுவாள்.

“படி.”

“வேணாமே.”

“படின்றேன்.”

“மிஸ்டர் டி. வயசு எழுபத்தொண்ணு. படிப்பு கம்மி.” விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். “அப்புறம் உங்க வாயிலேர்ந்து வர்ற மாதிரி ஒரு குமிழ் போட்டு எழுதியிருக்கான். எனக்குக் கம்ப்யூட்டர்னா பயம். தொட்டா ஏதாவது ஆயிடுமோன்னு கைய எடுத்துடுவேன்.”

“நான் எப்போ சொன்னேன்?”

“நீங்க சொல்லலைதான்.”

“கீழ இன்னா போட்டுகீறாங்க?”

“நெறைய பேர் கட்டைவிரல் காட்டியிருக்காங்க. ரெண்டு பேர் சிரிச்சிருக்காங்க.”

“எவன் சிரிச்சான்?”

“அத விடுங்க.”

அவர் விடவில்லை. ஆனால் அதற்கு மேல் கேட்கவும் இல்லை. கிட்டப்பார்வை, காது மந்தம், கோபக்காரன், கஞ்சன் என்று யாராவது எழுதியிருந்தால் கழுதை எழுதிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார். எல்லாம் உண்மை. பயந்தாங்கொள்ளி என்று எழுதி, அதை அவர் வாயாலேயே சொன்னதாகவும் எழுதி, ஊருக்கெல்லாம் அனுப்பினால் எப்படிப் பொறுப்பது?

அந்த மேசைக்கு அவர் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஆலயத்தில் பாட்டும் வேதபாடமும் சுவரில் திரைகட்டிக் காட்டுவார்கள். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் கம்ப்யூட்டர். அங்கே உட்காருகிறவன் குடும்பத்தோடு உட்கார முடியாது, நடுவில் எழுந்து போக முடியாது, ஆராதனையில் எது தப்பாகப் போனாலும் எல்லாத் தலையும் அவனைத்தான் திரும்பிப் பார்க்கும். எழில் என்கிற பையன்தான் வெகுகாலம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது அதில் விண்டோஸ் ஓடியது. காசு கொடுத்து வாங்கினதில்லை, யாரோ சும்மா போட்டுக்கொடுத்தது. ஒரு ஞாயிறு ஆயர் திருட்டுப் பாவத்தைப் பற்றி உருகி உருகிப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. இந்தச் சரக்கு அசல் இல்லை என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆயர் தன் பிரசங்கத்துக்குத்தான் அழுகிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உருகினார். விஷயம் தெரிந்ததும் அன்று சாயங்காலமே கமிட்டி கூடி, திருட்டுச் சரக்கு இனி ஆலயத்தில் ஓடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. எழில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் கொண்டுவந்து போட்டான்.

“அது எவ்ளோ?” என்று தேவானந்தம்தான் கேட்டார்.

“ஃப்ரீ அங்கிள்.”

“ஃப்ரீயா குடுக்கறவன் இன்னா எதிர்பாக்கறான்?”

“ஒண்ணும் எதிர்பாக்கல.”

அப்படி ஒரு ஆளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. வருஷக்கணக்கில் காத்திருந்தார், இன்று கேட்பான் நாளைக்குக் கேட்பான் என்று. யாரும் எதுவும் கேட்கவில்லை. எழில் கனடா போனபோது அந்த இடத்துக்கு ஆள் கிடைக்காமல், இவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். எழில் போவதற்கு முன்னால் திரையில் ஒவ்வொரு சின்னப் படத்துக்குக் கீழேயும் தமிழில் பெயர் எழுதிவிட்டுப் போனான். பாட்டு. வேதம். அறிவிப்பு. நிறுத்து. இரும்புச் சாமான் கடை மாதிரி எல்லாம் கண்ணெதிரே தொங்கும். அழகு கிடையாது. ஆனால் கை நீட்டினால் கிடைக்கும்.

அதற்குப் பிறகுதான் ஜேசன் வந்தான். கமிட்டிச் செயலர் தனசிங்கின் மகன். காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு காலேஜில் டிசைன் படிக்கிறான். ஒரு சனிக்கிழமை தோளில் மடிக்கணினியோடு வந்து, திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“லினக்ஸ் டெஸ்க்டாப்னாலே இந்தப் பிரச்னைதான் தாத்தா. உள்ள எல்லாம் சூப்பரா இருக்கும், மூஞ்சி மட்டும் பாக்க சகிக்காது. நான் இம்ப்ரூவ் பண்ணித் தரேன்.”

“ஓடிகினு கீது. வுட்டுடு.”

“ஓடுது தாத்தா. ஆனா க்ளட்டரா இருக்கு.”

மறுநாள் வந்து பார்த்தால் திரையில் ஒன்றும் இல்லை. ஒரு மலை, மலைமேல் பனி. மேலே மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. பாட்டு இல்லை, வேதம் இல்லை. மவுஸைக் கொண்டுபோய் இடது பக்கம் மேல் மூலையில் முட்டினால், திறந்திருந்ததெல்லாம் சுருங்கி, சீட்டுக்கட்டைக் கீழே போட்டாற்போலச் சிதறும். அங்கேயிருந்து ஒன்பது புள்ளியைத் தட்ட வேண்டும். தட்டினால் ஒரே சாம்பல் நிறத்தில் ஒரே அளவில் படங்கள், பெயர் இல்லாமல். நிறுத்துகிற பொத்தான் வலது மூலையில் மூன்று சின்னக் கீறலுக்குப் பின்னால், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று.

“இப்ப க்ளீனா இருக்கு பாருங்க,” என்றான்.

“அண்டா குண்டா எல்லாத்தையும் பரண்ல ஏத்திட்டு அடுப்படி சுத்தமா கீதுன்றியா? சோறு எப்டிடா ஆக்கறது?”

“பழகிடும் தாத்தா.”

பழகத்தான் செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானங்களில் தனியாக வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூலையாக முட்டி, எது எங்கே பதுங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். முதல் ஞாயிறு மட்டும் மானம் போனது. பாட்டு நடுவில் மவுஸ் தெரியாமல் மூலைக்குப் போய்விட, சபை முழுக்கப் பார்க்க எல்லாம் சிதறியது. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதி வரியில் நின்றுவிட்டார்கள். எல்லாத் தலையும் திரும்பியது.

அந்த நாளிலிருந்து ஜேசன் மேசைக்குப் பக்கத்தில் கைப்பேசியை ஒரு குச்சியில் செருகி நிறுத்திவைத்தான். எதுக்குடா என்றால், சும்மா தாத்தா, உங்க கை எப்படிப் போகுதுன்னு பாக்கத்தான் என்றான். சும்மா என்று சொல்கிற எவனையும் நம்பக் கூடாது என்பது தேவானந்தத்தின் கொள்கை. அப்பன் செயலர், மகன் கம்ப்யூட்டரா, சரி, நம்ம நாற்காலிக்கு அடி போடுகிறான் என்று கணக்குப் போட்டார். நாற்காலிக்கு இல்லை, மூஞ்சிக்கு என்று இப்போதுதான் தெரிந்தது.

தனசிங்கைக் கைப்பேசியில் பிடித்தார்.

“அண்ணே, பாத்தீங்களா? காலேஜ் பூரா உங்க போட்டோதான்.”

“நான் பயப்படறேன்னு எவன்யா சொன்னான்?”

“அது உங்களச் சொல்லலண்ணே. பெர்சோனான்னு சொல்வாங்க. டிசைன் பண்றதுக்கு முன்னாடி ஒரு ஆள கற்பனையா உருவாக்குவாங்க. அது கற்பனை ஆளு.”

“கற்பனை ஆளுக்கு ஏன்யா என் மூஞ்சி?”

தனசிங் சிரித்தார். “ஒரு நல்ல காரியத்துக்குத்தானேண்ணே. பையன் பரிசு வாங்கினா உங்களுக்கும் பெருமைதானே.”

“எப்போ அது?”

“நாளைக்குக் காலைல. ஜெபிச்சுக்கங்க.”

“நேர்லயே வந்து ஜெபிக்கறேன்,” என்று வைத்துவிட்டார்.

ஞானஜோதி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அந்தப் பையன் வாழ்க்கை, நீங்க கத்தினா உங்களுக்குத்தான் பிரஷர் ஏறும், ஆயர்கிட்ட சொல்லி எடுக்கச் சொல்லலாம். மறுநாள் காலையில் அவர் ஆலயத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினார். கூடுவாஞ்சேரியில் பாதிக் கூட்டம் இறங்கியது. மீதி எல்லாம் முதுகில் பை மாட்டிய பிள்ளைகள். ஆளுக்கொரு கைப்பேசியை ஆளுக்கொரு விதமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இதில் எவன் எந்தக் கிழவனைக் கற்பனை பண்ணிக்கொண்டிருக்கிறானோ என்று அவருக்குத் தோன்றியது.

காலேஜ் வாசலில் காவலாளி மறித்தான். “ஐடி கார்டு இருக்கா பெரியவரே?”

உள்ளே சுவரில் அதே நீலப் போஸ்டர் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. தேவானந்தம் அதைக் கையால் காட்டினார். “அதான் கார்டு. நல்லாப் பாத்துக்க.”

காவலாளி போஸ்டரைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். “அது நீங்களா சார்? ரெண்டாவது மாடி,” என்று வழிவிட்டான்.

ஏசி அறை. விளக்கை அணைத்து, மேடையில் ஜேசன் கோட்டு போட்டுக்கொண்டு நின்றான். முன்வரிசையில் ஆசிரியர்கள். நடுவில் நரைத்த தாடி வைத்த பெரிய ஆசிரியர். அனந்தகிருஷ்ணன் சார் என்று கூப்பிட்டார்கள். தேவானந்தம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவருக்குப் பழக்கமான இடம்தான்.

திரையில் ஒரு கை பெரிதாகத் தெரிந்தது. அவருடைய கை. சுண்டுவிரல் வளைந்திருப்பதை வைத்துக் கண்டுபிடித்தார். சத்தம் இல்லாத படம். கை மவுஸை நகர்த்துகிறது, நிற்கிறது. பிறகு மவுஸை விட்டு விலகி, இன்னொரு கையோடு சேர்ந்து, மேசை விளிம்பில் அப்படியே கிடக்கிறது. வெகுநேரம் கிடக்கிறது.

“இங்க பாருங்க,” என்றான் ஜேசன். “மவுஸ்லேர்ந்து கைய எடுத்துடறார். யூசர் ஃப்ரீஸ் ஆயிடறார். ஒவ்வொரு வாரமும் இதே பேட்டர்ன். இதான் எங்க மெயின் ஃபைண்டிங். ஃபியர். இத போக்கறதுக்குத்தான், ஏற்கெனவே சிம்பிளாக்கின டெஸ்க்டாப்ப இன்னும் சிம்பிளாக்கப் போறோம்.”

“நிறுத்துப்பா அத்த,” என்றது கடைசி வரிசை.

எல்லாத் தலையும் திரும்பியது. அதுவும் அவருக்குப் பழக்கம்தான். எழுந்து நடுவழியாக முன்னால் வந்தார். ஜேசனுக்குக் கோட்டுக்குள் வேர்த்திருக்க வேண்டும். “தாத்தா, நீங்க எங்க இங்க,” என்றான் ஈனக் குரலில்.

அனந்தகிருஷ்ணன் போஸ்டரைப் பார்த்து இவரைப் பார்த்தார். “நீங்கதான் அந்த யூசரா? வாங்க வாங்க. ரொம்ப சந்தோஷம்.”

“சந்தோஷம் அப்புறம் சார். இந்தப் படத்துக்குச் சத்தம் கீதுல்ல? அத்த வைக்கச் சொல்லுங்க.”

“சத்தம் தேவையில்லன்னு ம்யூட் பண்ணியிருக்கு தாத்தா.”

“தேவ கீது. வை.”

அனந்தகிருஷ்ணன் தலையசைத்தார். ஜேசன் வைத்தான். அறை முழுக்க ஆயரின் குரல். வியாதியஸ்தருக்காக, வேலை தேடுகிற பிள்ளைகளுக்காக, பரீட்சை எழுதுகிறவர்களுக்காக என்று ஜெபம் போய்க்கொண்டே இருந்தது. எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ இருமினார்கள். கைகள் மேசை விளிம்பில் கோத்தபடி கிடந்தன. கடைசியில் சபை முழுக்க ஆமென் என்றது. சொன்ன மாத்திரத்தில் அந்தக் கை எழுந்து நேராக மவுஸுக்குப் போய், அடுத்த பாட்டை எடுத்துப் போட்டது. ஒரு தடுமாற்றம் இல்லை.

“அது ஜெபம் சார்,” என்றார் தேவானந்தம். “ஜெபத்துல நாங்க கண்ணு மூடி கைய கோத்துகினு இருப்போம். மவுச புடிச்சு ஆட்டிகினு இருக்க மாட்டோம். இது இவனுக்குத் தெரியாதது இல்ல. பொறந்ததுலேர்ந்து எங்க சர்ச்சுப் புள்ள.” ஜேசன் பக்கம் திரும்பினார். “ஏன்டா, ஆயரு ஜெபம் பண்றாரு, ஊரே கண்ண மூடிகினு கீது. நீ இன்னா பண்ணிகினு இருந்த?”

“ரெக்கார்ட் பண்ணிட்டு இருந்தேன் தாத்தா.”

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி அறை முழுக்கப் பரவியது. தேவானந்தம் சிரிக்கவில்லை.

“சார்,” என்றார் அனந்தகிருஷ்ணன், “ரொம்ப முக்கியமான விஷயம் சொன்னீங்க. அப்ப பயம் இல்ல. வேற என்ன ஃபீல் பண்ணீங்க? எங்களுக்குச் சொல்லுங்க.”

“கோவம்.”

“எதுனால?”

“எழுத்தப் பெருசாக்கினான், அது நல்லாத்தான் கீது. எங்க ஆளுங்க கண்ணாடி இல்லாம படிக்கறாங்க. அதுக்கு மேல இவன் பண்ணதெல்லாம் அடாவடி. பேரு எழுதி வச்சிருந்தாங்க, அழிச்சான். எதிர்ல இருந்ததத் தூக்கி மூலைல போட்டான். ரயில்ல ஆபத்துன்னா இழுக்கற செயின, பாக்க நல்லா இல்லன்னு பெஞ்சுக்கு அடில கட்டுவீங்களா? நிறுத்தற பொத்தான் எங்க கீதுன்னு எனக்குத் தெரியும் சார். தேடிக் கண்டுபுடிச்சுட்டேன். தெரியலன்னு நான் வரல. நான் ஏன் தேடணும்னு கேக்க வந்தேன். நீ ஒளிச்சு வைப்ப, நான் தேடணும், தேடற நேரத்துல நீ படம் புடிச்சு பயந்தாங்கொள்ளின்னு எழுதுவ.”

முன்வரிசையில் ரெண்டு பேர் தலை குனிந்து வேகமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அனந்தகிருஷ்ணன் அவர்களிடம், “நோட் பண்ணிக்கங்க, இது ரொம்ப ஸ்ட்ராங் இன்சைட்,” என்றார்.

தேவானந்தத்துக்கு அப்போதுதான் உச்சியில் ஏறியது. “நான் திட்டிகினு கீறேன், நீங்க எழுதிகினு கீறீங்களே. இதுவும் ஒரு போஸ்டர் ஆவுமா? எனக்கு வேண்டியது ஒண்ணுதான். என் வாய்ல போட்ட வார்த்தைய எடுக்கணும். நான் சொல்றத எழுதணும்.”

“கண்டிப்பா எடுத்துடலாம்,” என்றார் அனந்தகிருஷ்ணன்.

“எடுத்துடலாம் இல்ல. இப்பவே. இங்கயே. தமிழ்ல. இங்கிலீஷ்ல நீங்க இன்னா எழுதினாலும் எனக்குத் தெரியப் போறதில்ல.”

ஜேசன் மடிக்கணினியில் குனிந்தான். அவர் சொல்லச் சொல்ல அந்தக் குமிழுக்குள் எழுத்து விழுந்தது. விழுந்ததை அவர் திரைக்குக் கிட்டே போய், விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு இடத்தில் ‘சிரமம்’ என்று போட்டிருந்தான். “நான் அத்த சொல்லல,” என்று அழிக்க வைத்தார்.

முடித்ததும் கை தட்டினார்கள். அவருக்கு அந்தக் கைதட்டலில் நம்பிக்கை இல்லை. படியிறங்கி வந்துவிட்டார்.

திரும்பும் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊரப்பாக்கம் தாண்டும்போது ஒரு நினைப்பு வந்தது, வேண்டாத விருந்தாளி மாதிரி. அந்த முதல் ஞாயிறு எல்லாம் சிதறினபோது கை நடுங்கியது உண்மைதான். ஆனால் அது கம்ப்யூட்டருக்கு நடுங்கினதில்லை. திரும்பிப் பார்த்த தலைகளுக்கு நடுங்கியது. அந்தத் தலைகளில் ரெண்டுதான் கைப்பேசியில் சிரித்திருக்கிறது. காலேஜில் திருத்தி என்ன புண்ணியம்? அங்கே எவனுக்கு இவரைத் தெரியும்? தாம்பரத்தில் இன்னும் அந்தப் பழைய போஸ்டர்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை யாராவது அழித்தாலும் படித்ததை அழிக்க முடியாது.

சனிக்கிழமை ஜேசன் ஆலயத்துக்கு வந்தான். பரிசு கிடைக்கவில்லை என்பதை ஞானஜோதி முன்னமே சொல்லியிருந்தாள். அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

“தாத்தா, சாரி. எழில் அண்ணன் வச்சிருந்த மாதிரியே மறுபடி மாத்திடறேன். பேரெல்லாம் எழுதிடறேன். எழுத்து மட்டும் பெருசாவே இருக்கட்டும்.”

“மாத்தலாம். நாளைக்கு ஆராதனை முடியட்டும்.”

“நாளைக்கும் இதுலயேவா? உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே.”

“எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. அந்தத் திருத்தின போஸ்டர மட்டும் இதுல போட்டுட்டுப் போ.”

“எங்க போடட்டும்?”

“நீ வழக்கமா எங்க ஒளிப்பியோ, அங்க.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை ஒழுங்காக நடந்தது. அறிவிப்பு நேரம் வந்தது. செயலர் தனசிங் மைக் முன்னால் வந்து, பெண்கள் ஐக்கியக் கூட்டம், பெரும்பாக்கம் வீட்டுச் சந்திப்பு எல்லாம் வாசித்து, “கடைசியாக” என்றார். வழக்கமாக அந்த இடத்தில் திரையில் ஆலயத்தின் படம் வந்து நிற்கும்.

அன்றைக்குப் பனிமலை வந்தது.

மவுஸ் சாவகாசமாக இடது மூலைக்குப் போய் முட்டியது. திறந்திருந்ததெல்லாம் சுருங்கிச் சிதறியது. சபை திரும்பிப் பார்த்தது. தேவானந்தம் அவசரப்படவில்லை. பார்க்கட்டும் என்றுதான் செய்தார். ஒன்பது புள்ளி. ஒரே சாம்பல் நிறப் படங்கள். அடுத்த பக்கம். மறுபடி அதே சாம்பல். ஒரு பெட்டி, பெட்டிக்குள் பெட்டி. எந்த மூலையில் எது இருக்கிறது என்று அவருக்கு அத்துப்படி. ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி நிறுத்திப் போனார், வீடு காட்டுகிற தரகன் மாதிரி.

“இதென்னங்க இப்படி ஒளிச்சு வச்சிருக்காங்க,” என்றாள் முன்பெஞ்சில் ஒரு அம்மா, மெதுவாகத்தான். எல்லாருக்கும் கேட்டது.

தனசிங் மைக்கை விட்டு விலகி, திரையை நிமிர்ந்து பார்த்தார். அங்கே தேவானந்தத்தின் முகம் சுவரளவுக்கு வந்து நின்றது. அதே சரிந்த கண்ணாடி, அதே பாதி வாய். வாயிலிருந்து கிளம்பின குமிழில் தமிழ் எழுத்து, கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்குப் பெரிதாக.

‘எனக்குப் பயம் இல்லை. கோபம். கைக்கு எட்டினதை ஒளித்து வைத்துவிட்டு, எனக்கு எட்டவில்லை என்கிறார்கள். ஜெபத்தில் கை கோத்தேன், பயந்து கோக்கவில்லை. இப்படிக்கு, தே. தேவானந்தம், கம்ப்யூட்டர் மேசை.’

சபை வாய்க்குள் முணுமுணுத்துப் படித்து முடிக்கிற வரைக்கும் அதை அவர் எடுக்கவில்லை. சிரித்த ரெண்டு பேர் யாரென்று ஞானஜோதி கடைசி வரை சொல்லவில்லை. அதனால் எல்லாரையும் பொதுவாக ஒரு பார்வை பார்த்தார். பெண்கள் வரிசையில் ஞானஜோதி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது. தனசிங் அறிவிப்புத் தாளை மடித்துக்கொண்டு, “அண்ணனுக்கு நன்றி,” என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டார்.

“ஜெபம் செய்வோம்,” என்றார் ஆயர்.

தேவானந்தம் மவுஸை விட்டுக் கையை எடுத்தார். கோத்து, மேசை விளிம்பில் வைத்து, கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து ஜேசன் பக்கம் பார்த்தார். மூடித்தான் இருந்தான். இறுக்கி மூடியிருந்தான்.

நம்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே ஆமென் வரைக்கும் அந்த ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.